பசியில்லை என்று போட்டுக்கொண்டார்கள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை, கீழ்வீட்டில் உதித்தது. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து திரும்பினால் மாடியில் நான், கீழே ஜெயந்திமாலா அக்கா. வீடு அவருடையது. கதையும் அவருடையதுதான். நான் இரண்டிலும் குடியிருக்கிறேன்.

கொரோனா காலத்தைப் பற்றிய ஒரு தொகுப்புக்குக் கதை கேட்டார்கள். 'தடுப்பூசியும் மக்களின் அச்சமும்' என்று தலைப்பையும் அவர்களே தைத்து அனுப்பிவிட்டார்கள். அச்சப்படுகிற மக்களில் ஒருவர் வேண்டும். படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டது என்று மேலே வந்து எழுதத் தொடங்கினேன்.

ஜெயந்திமாலாவுக்கு ஊசி என்றாலே பயம். படிப்பறிவு இல்லாத அவள்

(இங்கேயே நின்றுவிட்டது. அக்கா எம்.ஏ. வரலாறு. அஞ்சல் வழியில்தான், ஆனாலும் எம்.ஏ. நான் பி.காம்., அதிலும் ஒரு தாள் இன்னும் பாக்கி.)

மலையின் மேல் மேகம் கவிந்திருந்தது, உலகத்தின் மேல் நோய் கவிந்திருந்ததைப் போல

(அடித்துவிட்டேன். இந்த ஊரில் பேனா எடுக்கிறவன் எவனும் முதல் வரியிலேயே மலையேறிவிடுகிறான். மலைக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?)

ஜெயந்திமாலாவுக்குக் கோபம் வந்தது.

இது நின்றது. இங்கிருந்து போகலாம். ஒரே ஒரு விஷயம்: நேரில் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் மட்டும் 'அவள்'. மாடிப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்த தைரியம் அது.

2

இரண்டாயிரத்து இருபது, கோடை. புனேயில் மகன் அபிஷேக் வீட்டுக்குப் போன ஜெயந்திமாலா ஊரடங்கில் மாட்டிக்கொண்டாள். ஒருவழியாக இ-பாஸ் வாங்கி, வேன் பிடித்து வந்து சேர்ந்தால், வீட்டுக்கு விடவில்லை. வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களை ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியில் வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் இருக்க வேண்டும். நோய் பரவக்கூடாது, நியாயம்தானே என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். (இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் சண்டைக்காரி என்று பின்னால் சிலர் சொல்வார்கள்.)

சாப்பாடு கொண்டுவந்தவர் வேணு. கவச உடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். முதல் நாள் இரவுப் பொட்டலம் எட்டு மணிக்கு வந்தது.

"பொழுது சாஞ்சப்புறம் நாங்க சாப்பிடறதில்லப்பா. சமணருங்க."

"சேட்டு வீடா? தமிழ் நல்லா பேசறீங்களேம்மா! எங்க கத்துக்கினீங்க?"

"நான் பொறந்ததே வந்தவாசி பக்கம். உங்க தாத்தனுக்குத் தாத்தன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க தமிழ்தான் பேசிகினு இருந்தோம்."

"கோச்சிக்காதீங்கம்மா. அப்ப சாப்பாடு வேணாமா? நோட்டுல பசியில்லன்னு போட்டுக்கறேன்."

போட்டுக்கொண்டார். மறுநாளும் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாளும். வேணு நல்ல மனிதர். தொடாத பொட்டலத்தைத் திருப்பி எடுத்துப் போவது அவர் மனசைப் பிசைந்தது. அந்த அக்கறையில் கொஞ்சம் அழுத்தியே போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் முடிந்தது. கூட வந்தவர்கள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஜெயந்திமாலாவை மட்டும் வாசலில் நிறுத்தினார்கள்.

"உங்களுக்கு வந்த நாள்லேர்ந்து பசியே இல்லம்மா. அது ஒரு அறிகுறி. மறுபடி டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வர்ற வரைக்கும் இருங்க."

தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வழக்கம் இப்படியாக நோயின் அறிகுறி ஆனது.*

அவள் அழவில்லை. அறைக்குத் திரும்பி, ஜன்னலைத் திறந்து, எவர்சில்வர் தட்டால் கம்பியில் அடித்தாள். "பசி இருக்குது! நல்லா இருக்குது! சாயங்காலம் அஞ்சரைக்குக் கொண்டாந்து குடுத்துப் பாரு, பொட்டலத்த சுத்தின நூலையும் சேத்துத் தின்றேன்!" மருத்துவ ஊழியர்களுக்கு நன்றி சொல்லத்தான் தட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்து, எதிர் அறைகளில் புதிதாக வந்திருந்தவர்களும் அடித்தார்கள். விடுதியே அதிர்ந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாடு ஐந்தரைக்கு வந்தது. ஒருத்திக்காகத் தனியாக ஒரு நடை வரமுடியாது என்பதால் மாடி முழுவதற்கும் ஐந்தரைக்கு. ஒன்பது மணிக்கு வயிறு கிள்ளியவர்கள் அவளைப் பற்றிச் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. வீட்டுக்கு வந்தாள். கிருமி எதுவும் ஒட்டவில்லை. ஆனால் ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: நான் சொன்னதை இவர்கள் வேறொன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்றால், இவர்கள் சொல்வதை நான் எப்படி அப்படியே எடுத்துக்கொள்வது?

* கதைக்குள் மட்டும். எந்த மருத்துவரும் கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வரவேண்டாம். வந்தாலும் கீழே அக்கா இருக்கிறார்.

3

இதுவரை எழுதியதைத் தொகுப்பாசிரியருக்கு போனில் படித்துக் காட்டினேன்.

"அந்தம்மா எந்தப் பக்கம் சார்? ஊசிக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

"கேள்விப் பக்கம்."

"அப்படி ஒரு பக்கம் இல்லையே சார். வாசகருங்க குழம்பிடுவாங்க. கொஞ்சம் பயப்பட வையுங்க, கடைசில தெளிய வையுங்க. முடிஞ்சிது."

பயப்பட வைத்துப் பார்த்தேன். நடுங்கும் கைகளால் ஜெயந்திமாலா கதவைத் தாழிட்டு (அடித்தாயிற்று. கை நடுங்கியது எனக்குத்தான். கீழே அவர் குரல் கேட்டது.)

என் வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டுக்கொண்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அலறிவிடுவேன் என்ற பயம். என்னைப் போன்றவர்களைத்தான் அந்த நாட்களில் 'விழிப்புணர்வு பெற்றவர்கள்' என்றார்கள்.

4

அடுத்த ஆண்டு, ஆடி மாதம். மகள் கீர்த்தனா கீழ்பென்னாத்தூரில் கணவன் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். அவள் காலையிலேயே போன் செய்தாள்.

"நாளைக்கு நர்ஸு எங்க தெருவுக்கு வர்றாங்கம்மா. அத்தை வேணவே வேணாம்ன்றாங்க. இவரு போட்டுகினே ஆவணும்ன்றாரு. எனக்கு நீ சொல்லு. நீ போட்டுக்கன்னா போட்டுக்கறேன், வேணாம்னா வேணாம்."

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"தெரியலன்னா தெரிஞ்சிகினு சொல்லு. இன்னிக்கே சொல்லு."

போன் வைக்கப்பட்ட பிறகும் ஜெயந்திமாலா அதைக் காதிலேயே வைத்திருந்தாள். அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இரண்டு உயிர் இருந்தது. மதியம் முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போய், வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கைய மேல தூக்குங்கம்மா," என்றார் நர்ஸ்.

"டாக்டரக் கூப்பிடுங்க. ரெண்டு கேள்வி இருக்குது."

டாக்டர் அருணாதேவி வந்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள் வாரக்கணக்கில் தூங்காதவை.

"இதுல கன்னுக்குட்டி ரத்தம் இருக்குதுன்றாங்களே, நெசமா டாக்டர்?"

"வாட்ஸ்அப் பாத்துட்டு வந்துட்டீங்களா? வதந்திம்மா அது. கையக் காட்டுங்க."

"வதந்தின்னீங்க. இல்லன்னு சொல்லலயே."

பின்னால் வரிசை நெளிந்தது. "இன்னாம்மா, ஊசி போட்டுக்க உக்காந்தியா, பஞ்சாயத்து பண்ண உக்காந்தியா?"

"உனக்கும் சேத்துதான்பா கேக்கறேன். காதக் குடு."

"போடறதுன்னா போட்டுக்கங்க, இல்லன்னா எழுந்திருங்கம்மா," என்றார் டாக்டர்.

"ரெண்டும் இல்ல. பதில் சொல்லுங்க." குரல் உயர்ந்ததில் அவளுக்கே மூச்சு வாங்கியது. "எம் பொண்ணு வயித்துல புள்ளய வச்சிகினு எனக்காகக் காத்துகினு இருக்கா. நான் சொல்ற ஒரு வார்த்தைய வச்சிதான் அவ கைய நீட்டணும், இல்ல மடக்கணும். போன வருஷம், பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டேன்னு நான் சொன்னதப் பசியில்லன்னு போட்டுகினு என்னை அடைச்சி வச்சாங்க. இப்ப நீங்க சொல்றத நான் இன்னான்னு போட்டுக்கறது?"

டாக்டர் அருணாதேவி கையுறையைக் கழற்றினார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். (நானும்தான். அப்படி ஒரு பத்தி எழுதியும் வைத்திருந்தேன்.) அவர் ஓரமாகக் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஊசில ரத்தம் கிடையாது. ஆனா நீங்க கேட்டது முழுக்கப் பொய்யும் இல்ல. ஒரு வகைத் தடுப்பூசிக்குக் கிருமிய வளக்கணும். அது வளர்ற செல்லுங்களுக்கு, கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரத்த, அதாவது மேல தெளிஞ்சி நிக்கற தண்ணிய, ஊத்துவாங்க. அப்புறம் கழுவி எடுத்துடுவாங்க. பாட்டில்ல வர்றப்ப அது இருக்காது."

"அப்ப, எங்கியோ ஒரு கன்னுக்குட்டிக்கு வலிச்சிருக்கும்."

அந்த முகாமில் அதுவரை கன்றுக்குட்டியைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

"ஆமாம்மா," என்றார் டாக்டர்.

"சரி. எம் பொண்ணு விஷயம்?"

"கர்ப்பமா இருக்கறப்ப கொரோனா வந்தா ஆபத்து ஜாஸ்தி. அத நான் வார்டுல கண்ணால பாத்தேன்." டாக்டர் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுத் தொடர்ந்தார். "ஊசி போட்டுக்கிட்ட கர்ப்பிணிங்களப் பாத்த வரைக்கும், தாய்க்கும் புள்ளைக்கும் கெடுதல் எதுவும் தெரியல. காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம். ரொம்ப அபூர்வமா பெரிய பிரச்சினையும் வரலாம். அதுக்குதான் போட்டப்புறம் அரைமணி நேரம் உக்கார வைக்கறோம். என்னைக் கேட்டா, போட்டுக்கறதுதான் நல்லதுன்னு சொல்லுவேன்."

"இருபது வருஷம் கழிச்சி எதுனா வந்தா?"

"வரும்னு நினைக்க ஒரு காரணமும் இல்ல. ஆனா அடிச்சி சொல்லுன்னு கேட்டா, தெரியாதும்மா. இருபது வருஷம் இன்னும் ஆகல."

வெள்ளைக் கோட்டு ஒன்று 'தெரியாது' என்று சொல்லி ஜெயந்திமாலா கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, முன்னால் சொன்னவையும் நம்பத்தக்கவையாகத் தோன்றின.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எப்பவோ எழுந்திருப்பேனே டாக்டர்."

"காலையிலேர்ந்து, 'சாவடிக்க வந்தியா'ன்னுதான் கேட்டாங்கம்மா. என்னா இருக்குதுன்னு கேட்டது நீங்கதான்."

பஞ்சாயத்தா என்று கேட்டவரே பின்னாலிருந்து கையைத் தூக்கினார். "டாக்டரம்மா, எனக்கு சுகர் இருக்குது. எனக்கும் ஒரு கேள்வி." அவருக்குப் பின்னால் இன்னொரு கை. முகாம் அன்றைக்கு நேரத்துக்கு முடியவில்லை.

5

இப்போது முடிவு வேண்டும். மூன்று செய்து பார்த்தேன்.

கீர்த்தனா போட்டுக்கொண்டாள். அழகான பெண் குழந்தை பிறந்தது. மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா

(அரசாங்க விளம்பரம். நாதஸ்வரம் ஒன்றுதான் குறை.)

கீர்த்தனா போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை அவளுக்கு

(மாட்டேன். கதையின் விறுவிறுப்புக்காக ஒரு கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அனுப்புகிற அளவுக்கு நான் பெரிய எழுத்தாளன் இல்லை.)

கீர்த்தனா வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் இருமல்

(இதையும் மாட்டேன்.)

வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். கீர்த்தனாவின் பெண் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். சுவரில் மலை என்று எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது சட்னி மாதிரி தெரிந்தது, சொல்லவில்லை.

"அக்கா, அன்னிக்கு போன்ல நீங்க இன்னாதான் சொன்னீங்க?"

"அது எதுக்கு உனக்கு?"

"கதை முடியணுமில்ல?"

"முடியாது தம்பி. ஊர் சுத்தக் கெளம்பும். போட்டுக்கினான்னு எழுதினா, பாத்தியா போட்டுகினா, கொழந்த நல்லா இருக்குதுன்னு ஒருத்தன் பத்து பேருக்கு அனுப்புவான். போட்டுக்கலன்னு எழுதினா, பாத்தியா போட்டுக்காமலே நல்லா இருக்குதுன்னு இன்னொருத்தன் இருபது பேருக்கு அனுப்புவான். ஒரு வீட்டுல நடந்தது ஊருக்கெல்லாம் பதிலாவுமா? ரெண்டு பேரும் ஃபார்வர்டு பண்றதுக்கா எம் பேத்திய பெத்து வச்சிருக்கறோம்?"

"வாசகருங்க கேப்பாங்களேக்கா."

"என்னை எதுக்குக் கேக்கறாங்க? நான் டாக்டரா? தெரிஞ்சவங்க எதிர்ல நாற்காலியப் போட்டு உக்காந்து கேக்கட்டும். பதில் வர்ற வரைக்கும் எழுந்திருக்க வேணாம்னு எழுது. வந்துச்சின்னா, எழுந்திருச்சி அடுத்த ஆளுக்கு வழி வுடணும்னும் எழுது."

"கொஞ்சம் பிரசங்கமா இருக்குமேக்கா."

"அப்ப மாடியக் காலி பண்ணிடு."

எழுதிவிட்டேன். ஒரு கதாபாத்திரம் தன்னைப் படைத்தவனை வீட்டைவிட்டு அனுப்ப முடியும் என்பதை எந்த எழுத்துப் பட்டறையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

படியேறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, அன்னிக்கு நான் சாப்பிடல. அத வேணும்னா போட்டுக்க. சரியா போட்டுக்க."

6

அக்கா சொன்னபடியே போட்டுக்கொள்கிறேன்.

ஜெயந்திமாலா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு ஏற்றும் நேரம் கடந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே கீர்த்தனா எடுத்துவிட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"முகாம்லயே பொழுது சாஞ்சிடுச்சிடி."

"அய்யோ, பசிக்குமே."

"பசிக்குது. நல்லா பசிக்குது." ஒரு வருஷமாக இதை ஒருவரும் அவளிடம் சரியாகக் கேட்டிருக்கவில்லை. "அத வுடு. டாக்டர் சொன்னத மொத்தமா சொல்றேன், தெரியாதுன்னு சொன்னதையும் சேத்து. அதுக்கப்புறம் நான் இன்னா நினைக்கறேன்னு சொல்றேன். பாதியில போன வெக்காத."

"வெக்கமாட்டேன். சொல்லும்மா."

சொன்னாள்.