என் சுவரில் சிமெண்ட்

எங்கள் மண் வீட்டுக்கு என் அண்ணன் சிமெண்ட் பூசிவிட்டான். கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. நாங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பூசியிருக்கிறான்.

என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகக் கிடந்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கினால், எதிரே ரோஸ் கலர் பெயிண்ட் அடித்து யார் வீடோ நிற்கிறது! வாசலில் அண்ணன். முகமெல்லாம் பல்.

"எப்படி? இப்பதான் மனுஷங்க குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கு!"

அவன் பெரிய கட்டட காண்ட்ராக்டர். காண்ட்ராக்டரின் தங்கை மண்ணுக்குள் குடியிருக்கிறாள் என்று ஊர் சிரிக்கிறதாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே! நான் தையல்காரி, அவர் பஸ் டிரைவர். லீவு நாளெல்லாம் மண்ணையும் மணலையும் வைக்கோலையும் காலால் மிதித்துக் குழைத்து, ஒரு முழக் கனத்துக்குச் சுவர் எழுப்பினோம். கூரையில் சோலார் தகடு, பின்னால் மழைத்தண்ணீர்த் தொட்டி. கம்பத்திலிருந்து கரண்ட் இழுக்கவே இல்லை. கோடையில் அண்ணன் வீட்டில் ஏசி போட்டும் புழுங்குவார்கள். இங்கே நாங்கள் போர்த்திக்கொண்டு தூங்கினோம். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ.

உள்ளே கால் வைத்ததுமே வெக்கை முகத்தில் அடித்தது. அண்ணாந்து பார்த்தேன். சூடு வெளியே போவதற்குக் கூரைக்குக் கீழே விட்டிருந்த துவாரங்கள் அத்தனையையும் அடைத்துப் பூசியிருந்தார்கள். குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"தொட்டித் தண்ணி எங்க?"

"சிமெண்ட் பூசினா தண்ணி காட்ட வேணாமா? தினமும் காலையில சாயங்காலம் பசங்க ஹோஸ் வச்சு நல்லா நனைச்சாங்க."

"மண் சுவரையா?"

"சிமெண்டைத்தானே நனைச்சாங்க!"

மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் பட்டதும் விட்டுவிடும். இப்போது ஒரு தொட்டித் தண்ணீரையும் குடித்துவிட்டு, விட வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் ஊறிக்கொண்டு நிற்கிறது. அடிச்சுவர் இளகினால் கூரை எதன்மேல் நிற்கும்? மழைக்காலம் வேறு நெருங்குகிறது. இந்த வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. நான் கத்திய கத்தில் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

"விடும்மா," என்றார் வீட்டுக்காரர். "மச்சான் ஆசையா செஞ்சிருக்காரு. முகத்தை முறிச்சுக்காதே."

"நீங்க வாயைத் திறக்காம படுங்க!" பாவம், வயிற்றில் தையலோடு கிடக்கிற மனுஷனிடம் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவரைச் சமையலறைக்கு மாற்றிப் படுக்கவைத்தேன். பிறகு சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு படுக்கையறையின் வெளிச்சுவரில் ஆரம்பித்தேன். அடிக்க அடிக்கச் சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு என் மண்ணும் வந்தது. தரையோரம் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் கூடிப்போன மாவு மாதிரி கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. ஐயோ, நாங்கள் கட்டிய சுவரா இது? எடுத்த கையை உதறிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு மறுபடி அடித்தேன்.

பக்கத்து வீட்டில் யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் அவனுடைய கொத்தனாரோடு வந்து குதித்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? என் காசைக் கொட்டி அழகு பண்ணி வச்சா, உடைச்சுப் போடுறே!"

கொத்தனார் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனே சார்," என்றார். "மண்ணு மேல இது வேணாம், ஊறி உக்காந்துடும்னு."

"நீ சும்மா இருய்யா!"

நான் சுத்தியலைக் கீழே இறக்கினேன். "அண்ணா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் கொத்தனாரை முறைத்தான், என்னை முறைத்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"தெரியும். என்ன இப்போ? எத்தனை தடவை கூப்பிட்டேன், என் மாடி வீட்டுக்கு வாங்கன்னு. வாடகைக்குக் கூட விடாம உனக்காகப் பூட்டி வச்சிருக்கேன். நீதான் பிடிவாதக்காரியாச்சே, வந்தியா? இது நாலு மழையில விழுந்துட்டா வேற வழியில்லாம வருவே. உன் நல்லதுக்குத்தான்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நான் அவனை முட்டாள் என்று நினைத்துத்தான் இவ்வளவு நேரம் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அது எவ்வளவோ தேவலை.

"விழும்போது உள்ள யாரு இருப்பாங்கன்னு நினைச்சே?"

"அது வந்து..."

"சொல்லு. பகல்ல விழுந்தா நான் தையல் மெஷின்ல உக்காந்திருப்பேன். ராத்திரின்னா அவரு இந்தச் சுவரை ஒட்டிக் கட்டில்ல படுத்திருப்பாரு. எங்க ரெண்டு பேர்ல யாரை விட்டுட்டு யாரை உன் மாடிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தே?"

"சத்தியமா அவ்வளவு தூரம் நான் யோசிக்கலம்மா."

"சுவர் எப்போ விழும்னு கணக்குப் போட்டியே! அந்த அளவுக்கு யோசிச்சியே!"

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, வரவழைத்துக்கொள்ளவும் நான் விரும்பவில்லை. அவன் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினான். "கொடு. நானே உடைக்கிறேன்."

"உன் கை என் சுவர்ல படக்கூடாது."

அவனுடைய தலைக்கு நேர் மேலே ஒரு பெரிய சிமெண்ட் பாளம் சுவரிலிருந்து விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நான் சுத்தியலை ஓங்கினேன்.

"தள்ளி நில்லு, தலையில விழும்," என்றேன். "நான் சொல்லிட்டுத்தான் இடிப்பேன்."