கும்பிடாமல் வருகிறவர்கள்

1934 பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மயிலாப்பூர் சன்னிதித் தெருவில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். எதிரே வந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னை நோக்கிக் கைகூப்பினார். யாரென்று தெரியவில்லை. ஆனாலும் சுருக்கெழுத்துப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் கைகூப்பினேன். அவர் கும்பிட்டது எனக்குப் பின்னால் இருந்த கோபுரத்தை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இதை எழுதக் காரணம், கோலியும் அதே தவறைச் செய்ததுதான். கூப்பிய கையைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டது. அவர் போன பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோலி என் நாய். போன தீபாவளி சமயத்தில் அடையாற்றுப் பாலத்தருகே ஒரு சோடா வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் பின்னால் வந்தது. கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டில் விட முடியாது. கருவாடு காயும் இடத்தில் நாயைக் கண்டால் அண்ணன் கல்லெடுப்பார். ஆகவே கோபாலபுரத்தில், வக்கீல் ராமானுஜம் பங்களாவில் நான் தங்கியிருக்கும் தோட்டத்து அறையில் என்னோடு இருக்கிறது.

நேற்று முன்தினம் கோயிலுக்குப் போய்வந்த வக்கீலின் மனைவி விஜயலக்ஷ்மி அம்மாள் மேல் அது சேற்றுக்காலோடு தாவிவிட்டது. வக்கீல் கோபிக்கவில்லை. "வர ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு மனுஷா வரா. அதுக்குள்ள மேலே பாயாம பழகட்டும். இல்லேன்னா எங்கேர்ந்து வந்துதோ அங்கேயே விட்டுட்டு வந்துடு" என்றார். மெதுவாகச் சொன்னதால் நிச்சயம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவே பயிற்சியைத் தொடங்கினேன். அறைக்கு வெளியே போய், கதவைத் தட்டி, விருந்தாளியாக உள்ளே வந்து கைகூப்புவேன். கோலி உட்கார்ந்தால் ஒரு துண்டு பொறை ரொட்டி. வீட்டுக்காரனும் நான்தான், வருகிறவனும் நான்தான். அறையில் அது ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஜனக்கூட்டத்திலும் தவறாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சன்னிதித் தெருவுக்கு அழைத்துப் போனேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் கூட்டம். தெருவில் வந்தவர்கள் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். கோலி ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்தது. முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பச்சையம்மா சிரித்தாள். "இன்னா நைனா, அவங்க சாமியக் கும்புட்றாங்க. ஒன் நாயி தன்னியக் கும்புட்றாங்கன்னு குந்திக்கினு கீது."

அப்போது குதிரைவண்டிக்காரர் சர்தார், சவாரியை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தார். வணக்கம் ஏதும் இல்லை. "இன்னாடா பயலே" என்று இரண்டு கையையும் நீட்டினார். கோலி அவர் மார்பு வரை தாவி, சட்டைப் பித்தானைப் பிய்த்துவிட்டது. அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழவில்லை.

ஆக, தன்னைப் பாராதவர்களுக்கெல்லாம் கோலி மரியாதை செய்கிறது. தன்னைத் தேடி வருகிறவர் மேல் பாய்கிறது. குற்றம் அதனுடையதல்ல. கும்பிடாமல், சிரித்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படி யாரும் என் அறைக்கு வந்ததில்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை.

"ஒன் ரூமாண்ட யாருமே வர்றதில்லயா?" என்று பச்சையம்மா கேட்டாள். டைப்ரைட்டிங் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரமாகவில்லை.

இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். வகுப்பில் என் பக்கத்து மிஷினில் சுப்பராயன் என்பவர் உட்காருகிறார். ஆகஸ்டிலிருந்து, ரிப்பன் சிக்கிக்கொண்டால் மட்டும் பேசுவோம். இன்று கேட்டுவிடுவது என்று போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மணி என்ன என்று கேட்டேன். சொன்னார். எதிர்ச் சுவரிலேயே கடிகாரம் இருந்தது.

வகுப்பு முடிந்து படியிறங்கினபோது, வாசல் கம்பத்தில் கட்டியிருந்த கோலி என்னைக் கண்டு எழுந்தது. பாலத்தடியில் அதை விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி நடப்பதை நினைத்தேன். பின்னால் வந்த சுப்பராயனிடம், நாயைப் பழக்க ஓர் ஆள் வேண்டும், நாளை வர முடியுமா என்று கேட்டேன்.

"கடிக்குமா?"

"இல்லை. மேலே தாவும்."

"அப்ப பழைய வேட்டியக் கட்டிக்கினு வர்றேன்." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "ஆமா, ஒன் பேரு இன்னா?"

மரியசெல்வம் என்றேன். என் பேரை உரக்கச் சொல்லி எத்தனையோ நாளாயிற்று.

நாளை: மாலை ஐந்தரைக்குச் சன்னிதித் தெரு முனை. சுப்பராயன் கைகூப்பாமல் வர வேண்டும். கோலி உட்கார்ந்த பிறகே அவர் தொட வேண்டும். பொறையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். என் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது.