அக்கா கொண்டுவந்த அட்டை

பூட்டிய வீட்டிலிருந்து போலீஸ் அவளை மீட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. மூன்று வருடம் யாரோ ஒரு குடும்பத்துக்குச் சமைத்துத் துவைத்து, வாசற்படி தாண்டாமல் கிடந்தவள். அரசாங்கக் காப்பகத்துக்கு வந்த முதல் வாரம், குளிக்கப் போவதற்குக்கூட அனுமதி கேட்டாள். “இங்க யாரையும் கேக்க வேணாம்மா” என்று சொல்லிச் சொல்லிக் காப்பக அதிகாரிக்கு வாய் வலித்தது.

வாக்குமூலத்தில் அவள் கைகாட்டியது, வீட்டுவேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போன ஏஜென்ட் ஒருவனைத்தான். “வீட்ல யாருக்காவது தெரியுமா?” என்று அதிகாரி மூன்று தரம் கேட்டார்.

“எங்கக்காவும் என்னை மாதிரி ஏமாந்துதான் மேடம் போச்சு.”

அம்மா போன பிறகு அவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா. அவள்மேல் ஒரு சொல் விழவும் சின்னவள் விடவில்லை.

அக்கா வந்தாள். கட்டிக்கொண்டு, “எலும்பும் தோலுமா ஆயிட்டியேடி பாப்பா!” என்று கதறினாள். சின்னவளும் அடக்கிவைத்ததையெல்லாம் அவள் தோளில் கொட்டித் தீர்த்தாள்.

அழைத்துப்போக வேண்டுமென்றால் உறவுக்குச் சான்று வேண்டும் என்றார் அதிகாரி.

“எல்லாம் கொண்டாந்திருக்கேன் மேடம்.” அக்கா கைப்பையைத் துழாவி ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். கடைசியாகச் சின்னவளின் அடையாள அட்டை.

அசல் அட்டை. புறப்பட்ட அன்று பஸ்ஸில் ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டது. ‘உன் அட்டை எங்ககிட்ட இருக்கு, ஓடினா உன்னைத்தான் பிடிப்பாங்க’ என்று வீட்டுக்காரி மூன்று வருடம் மிரட்டியது இதைச் சொல்லித்தான்.

“இது எப்படிக்கா உங்கிட்ட வந்துச்சு?”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. “அந்த ஆளுதான்... பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தான்.”

“எப்ப?”

“நீ போன மறுவாரம்.”

“அப்ப நான் எங்க இருக்கேன்னு தெரியும் உனக்கு.”

“நல்ல வீடுன்னுதாண்டி சொன்னான். மாமாவுக்கு வேலை இல்ல, ரெண்டு பிள்ளைங்க... பூட்டி வெச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?”

“அப்புறம்னா எப்ப?”

“முதல் வருஷமே.”

அக்கா தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருப்பாள் என்ற ஒரே நினைப்பில்தான் சின்னவள் அத்தனை நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். யாருமே தேடவில்லை.

“வாக்குமூலத்தை மாத்தணும் மேடம்.”

“பாப்பா! உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான்!”

“அதையும் எழுதிக்கோங்க மேடம்.”

அதிகாரி அக்காவை வெளியே உட்காரச் சொன்னார். சின்னவள் ஒரு மணி நேரம் பேசினாள். குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை. அக்காவையும் மாமாவையும் போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. அவள் காப்பகத்திலேயே தங்கித் தையல் வகுப்பில் சேர்ந்தாள்.

ஆனால் பார்வையாளர் நாளில் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அவள் தலை தானாகவே திரும்பியது. திரும்பிய தலையை நினைத்து அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.