பதினெட்டுப் படி மூச்சு

1

ஒரு மூச்சின் விலை பதினெட்டுப் படி. நான் சொல்லும் விலை இல்லை இது. என் அண்ணனின் நெஞ்சு சொன்னது. மகள் வாடகைக்கு எடுத்த வீட்டை முதன்முதலாகப் பார்க்கக் கிளம்பியவர், முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. இறங்குவதற்கு முன் ஒருமுறை மேலே பார்த்தார். பின்னால் நின்ற எனக்கு இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது.

2

'விடியலின் பொன்னொளியில் அவர் ஓடத் தொடங்கினார்' என்று ஆரம்பித்தேன். அடித்தாயிற்று. முப்பது வருடம் முக்காலியில் உட்கார்ந்து பொத்தானும் நூலும் விற்றவர். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்தது வரும் என்பார்.

(மகளைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவள் ஞாயிறு தவறாமல் கடைக்கு வருகிறாள். "ஜன்னலோரம் உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்கேன்ப்பா. யாரையும் உக்கார விடறதில்ல" என்கிறாள். வீடு பார்க்கப் போய்ப் பாதியில் திரும்பிய அன்று, "அவ்ளோ ஒசரத்துக்கு எவன் ஏறுவான்?" என்று கேட்டவர் அண்ணன்தான்.)

3

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அழைத்துப்போனேன்.

"தினம் அரை மணி நேரம் நடங்க சார்."

"அஞ்சு நிமிஷம்."

"இருபது."

"பத்து. போணி நேரம், தட்டாதம்மா."

"சரி, பத்து. ஒரு நாள்கூட விடக் கூடாது."

அண்ணன் ஜெயித்த முகத்தோடு வெளியே வந்தார். (புதிதாக வருகிற எல்லோருக்கும் அவள் கொடுப்பது பத்துதான். எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஏமாந்த பேரம் இது ஒன்றே.)

4

இரண்டாம் வாரம் மழை. நான்கு நாள் விட்டுப்போயிற்று. ஐந்தாம் நாள் பழைய பாக்கியையும் சேர்த்து ஐம்பது நிமிடம் நடந்தார். பிறகு ஒரு வாரம் படுக்கை.

"உடம்பு மொத்த வியாபாரம் எடுக்காது சார். சில்லறைதான்" என்றாள் அவள். சில்லறைக் கடைக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்.

5

மூன்று மாதம் கழித்து, நேற்றுக் காலை, மகளிடம் சொல்லாமல் போனோம். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மேலே அவள் போனில் யாரிடமோ சிரிப்பது கேட்டது.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்டா. கூப்பிட்டா இறங்கி வந்துடுவா."

அவர் மெல்ல எழுந்து,

இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதிவிட்டேன், காற்புள்ளியைத் தாண்டவில்லை. அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும். ஏறினார் என்று எழுதினால் நான் தூக்கிக்கொண்டு போனதாக ஆகிவிடும். அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார். இறங்கினார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் அந்த நாற்காலியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எழுபத்திரண்டு படி. ஏறியது ஐம்பத்து நான்கு. பாக்கி பதினெட்டு, பழைய விலைக்கே, ஒரு மூச்சு.