அடுப்படியில் மட்டும் தெரிந்த அம்மா

உலக நாடுகளின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: புதிய பதிப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்த காலை, தையற்காரியின் வீட்டு ஹாலில் தொங்கிய பழைய புகைப்படத்திலிருந்து அவளுடைய அம்மா காணாமல் போனாள். சட்டம் போட்ட கண்ணாடிக்குள் வெறும் வெள்ளைக் காகிதம் இருந்தது. துடைத்துப் பார்க்கலாமென்று அடுப்படிக்குத் தூக்கிப் போனவுடன் அம்மா பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த வீட்டின் குறுக்கே எல்லைக்கோடு ஓடியது. ஹால் ஒரு நாடு, அடுப்படி இன்னொரு நாடு.

சட்ட நிபுணர் ஒருவர் வந்து, தொண்டையைச் செருமி விளக்கினார். அடுப்படி நாட்டில் பதிப்புரிமைக்குப் படம் எடுத்த நாளிலிருந்து கணக்கு; கெடு எப்போதோ முடிந்து அது பொதுச்சொத்தாகிவிட்டது. ஹால் நாட்டில், எடுத்தவர் செத்து எழுபது வருடம் போக வேண்டும், இல்லையென்றால் அவரே அனுமதி தர வேண்டும். எடுத்தவரான தாய்மாமாவோ இன்னும் சாகவே ஆரம்பிக்கவில்லை. ஸ்டுடியோ வைத்திருந்தவர்; அந்தப் படத்தைத் தன் காவியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

தையற்காரியைப் பெற்றவுடனே அம்மா போய்விட்டதால், அவளுக்கு அம்மா என்றால் அந்த முகம்தான். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். அம்மா பார்க்க அதை அடுப்படியில் வைக்கலாமென்றால் இடம் போதாது, மாப்பிள்ளைக்கு விசாவும் இல்லை.

“மாமா, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“கலையைக் கடன் கேக்குற மாதிரி கேக்காத. நாலு பேரைக் கூப்பிடு, மைக்கு வை.”

ஹாலில் மைக்கு வைத்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் தூங்கும் வரை மாமா பேசிவிட்டு, கையை நீட்டி, “அனுமதிக்கிறேன்!” என்றார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் உரக்கச் சொன்னார். மைக்கு மட்டும் கீச்சிட்டது.

மூலையில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த அப்பா மெதுவாக வாய் திறந்தார். “மச்சான் அன்னிக்கு சிகரெட் பிடிக்க வெளியே போயிட்டாரு. பட்டனை அமுக்கினது நான்தான்.”

“இத்தனை வருஷமா ஏம்ப்பா சொல்லல?”

“அவர் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்.”

மாமாவுக்கு அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்து செருப்பைத் தேடினார்.

“நீ படத்தை மாட்டிக்கோம்மா,” என்றார் அப்பா. அம்மா வந்துவிட்டாள்.

கல்யாணம் ஹாலிலேயே, அம்மாவின் கண்ணெதிரே நடந்தது. பின்னாளில் இரண்டு நாட்டு நிபுணர் குழுக்களும் வந்து படத்தை ஆராய்ந்து, முதன்முறையாக ஒரே முடிவுக்கு வந்தன: எடுக்கும்போது கை ஆடியிருக்கிறது.