கம்பத்துக்கு வந்த கமிட்டி

யோகநாதன் மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸிலிருந்த ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வேலை பார்த்தார். கிள்ளான் ஆற்றோரத்தில், கம்பம் என்று அங்கே சொல்லும் புறம்போக்குக் குடியிருப்பு ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவது அவர் பொறுப்பு. நிறுவனம் ஒரே நிபந்தனை போட்டிருந்தது: மக்கள் ஓட்டுப் போட்டுக் கமிட்டி அமைக்க வேண்டும். நல்லாட்சி இருந்தால்தான் உதவி.

அதுவரை அங்கே எல்லாம் நாகையாதான். கட்சிக்காரர்களைத் தெரிந்தவர். யோகநாதன் வாராவாரம் போய், "தலைவர நீங்களே தேர்ந்தெடுங்க, கேள்வி கேளுங்க" என்று பேசினார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சீதாலெட்சுமி அதை நம்பித் தேர்தலில் நின்றாள், ஜெயித்தும் விட்டாள். அன்றிலிருந்து நாகையா அவளோடு பேசவில்லை. அவருக்குப் பயந்து அக்கம்பக்கத்தாரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

கமிட்டி ஒழுங்காகக் கூடியது. வருகிறவர்கள் எல்லாம் கேள்வி கேட்டார்கள். தண்ணீர்தான் வரவில்லை.

ஒருநாள் இயக்குநர் மார்க்கிரட் யோகநாதனைக் கூப்பிட்டார். "திட்டம் நின்னுபோச்சு, யோகா. மலேசியா முன்னேறிடுச்சாம். இனிமே உதவி வேற நாட்டுக்கு."

"யார் முடிவு பண்ணது?"

"ஹெட் ஆபீஸ்."

"கம்பத்து ஆளுங்கள கேட்டாங்களா? நம்மளயாவது கேட்டாங்களா? ஊருக்கெல்லாம் நல்லாட்சி சொல்லிக் குடுக்குறோம், மேடம்!"

"என்கிட்ட கத்தி என்ன பண்றது?" என்றார் மார்க்கிரட்.

சேதியை யோகநாதனே போய்ச் சொன்னார். சீதாலெட்சுமி நம்பாமல் பார்த்தாள். "ஓட்டுப் போடச் சொன்னீங்க, போட்டோம். கூட்டம் போடச் சொன்னீங்க, போட்டோம். கம்பத்து ஆளுங்க மூஞ்சியில நான் எப்படி சார் முழிக்கிறது?"



அடுத்துப் பொதுத் தேர்தல் வந்தது. நாகையா கட்சி ஆட்களைப் பிடித்து ஒரு குழாய் வாங்கிவந்து, தன் வாசலிலேயே போட்டுக்கொண்டார். யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பதிலும் அவர் வைத்ததுதான் சட்டம். கமிட்டிக் கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றது.

மனசு கேட்காமல் யோகநாதன் ஒரு காலையில் போனார். சீதாலெட்சுமி வாளியோடு வரிசையின் கடைசியில் நின்றாள்.

"அண்ணே, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"இரு லா, பாப்போம்" என்றார் நாகையா.

யோகநாதனுக்குச் சுருக்கென்றது. "தண்ணி எல்லாருக்கும் பொதுதானே?"

"தண்ணிய நீங்களா கொண்டாந்தீங்க, பாஸ்?"

வரிசையில் நின்றவர்கள் வாளிகளை முன்னே நகர்த்தினார்கள். சீதாலெட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "நீங்க போங்க சார். நீங்க நின்னா எனக்கு இன்னும் லேட்டாகும்."