பூசையில் வைத்த மஞ்சள் பை

மூன்று பிள்ளைகளையும் ஓர் எந்திரத்தையும் கோலாலம்பூரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது மரியசெல்வி மிஸ்ஸின் பொறுப்பு. ஏற்காட்டு மிஷன் பள்ளியில் இருபது வருஷமாக அறிவியல் எடுப்பவள். அதுவரை அவள் பிள்ளைகளைக் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் மேட்டூர் அணை. அப்படிப்பட்டவளுக்கு உலக அளவிலான மாணவர் போட்டி!

காப்பிப் பழத்தைக் கேமராவால் பார்த்து, சிவப்பு வேறு பச்சை வேறாகத் தள்ளிவிடும் எந்திரம் அது. செய்தவர்கள் பிளஸ் டூ பிள்ளைகள் மூவர்: தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன் கிங்ஸ்டன், மஞ்சக்குட்டை கிராமத்து ஜெஸ்லின், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலின் மகள் ஆஃப்ரின். மூவர் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மூளை முழுக்க ஆஃப்ரினுடையது, மற்ற இரண்டும் திருகாணி முடுக்கின.

இஸ்மாயிலைச் சம்மதிக்க வைப்பதற்குள் மிஸ்ஸுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. நான்கு தடவை கடைக்கு நடந்தாள்.

“உங்க மூஞ்சிக்காகத்தான் சரீங்கறேன் டீச்சரம்மா,” என்றார் கடைசியில். “புள்ள உங்க கைய உட்டு ஒரு அடி நகரக் கூடாதுங்க. தனியா எங்கயும் அனுப்பீராதீங்க.”

“என்ற சொந்தப் புள்ளையாட்டம் பாத்துக்கறேனுங்க,” என்று மிஸ் நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள்.

மலையில் அவர்கள் பங்குக்கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர்கள் டிக்கெட், பாஸ்போர்ட் எதுவானாலும் காலைப் பூசையில் பீடத்தடியில் வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் எடுத்துப்போவார்கள். மிஸ்ஸும் பாஸ்போர்ட்டுகளைச் சேகரித்தாள். இஸ்மாயில் மட்டும் நெளிந்தார். “தப்பா நெனைக்காதீங்க. நாங்க ஊட்ல ஓதி வெச்சிருக்கறோம். அது அவகிட்டயே இருக்கட்டுங்க.” மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஆக, மிஸ்ஸுடையதையும் சேர்த்து மிச்சம் மூன்று பாஸ்போர்ட்டுகள் ஒரு மஞ்சள் துணிப்பையில் பீடத்தடிக்குப் போயின. பங்கின் பொன்விழாவுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த பை. அது இல்லாத கிறிஸ்தவ வீடு அந்த மலையில் கிடையாது. பூசை முடிந்ததும் பையை எடுத்து, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு மிஸ் வேனில் ஏறினாள். மந்திரித்ததை வேலை வரும்வரை பிரிக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. ‘பாஸ்போர்ட்டை ஒருக்கா காட்டுங்க மிஸ்’ என்று கிங்ஸ்டன் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

அந்தப் பயணத்தைப் பயணம் என்றே சொல்ல முடியாது. முதல் வளைவில் வாந்தி எடுக்கத் தொடங்கிய ஜெஸ்லின் அடிவாரம் வந்துதான் நிறுத்தினாள். தர்மபுரி தாண்டி டயர் வெடித்தது. மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தால் அதில் காற்று இல்லை. “நேத்துகூட இருந்துச்சுங்களே,” என்றார் டிரைவர் கமலக்கண்ணன், யாரோ திருடிக்கொண்டு போனது மாதிரி. பெங்களூர் விமான நிலையத்துக்குப் பதினோரு மணிக்குப் போக வேண்டியவர்கள் ஒரு மணிக்குப் போனார்கள். மூன்று மணிக்கு விமானம், இரண்டு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

நுழைவாசலில் காவலர் கை நீட்டினார். மிஸ் பெருமையாக நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பைக்குள் கையை விட்டாள்.

மெழுகுவர்த்தி வந்தது.

இன்னொரு தடவை விட்டாள். இன்னும் நாலு மெழுகுவர்த்தி, இரண்டு தீப்பெட்டி, திரி வெட்டும் கத்தரிக்கோல். காவலர் ஓரடி பின்வாங்கினார். மிஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோயில்பிள்ளை ரொனால்டுக்குப் போன் போட்டாள். கோயிலில் விளக்கேற்றுவது, பீடம் துடைப்பது எல்லாம் அவர் வேலை.

“என்ற மெழுகுவத்திப் பையக் காணோம்னு காலைலிருந்து தேடறனுங்க மிஸ்,” என்றார் ரொனால்ட். “அதே மாதிரி வேற பை ஒண்ணு கெடக்குதுங்க. உள்ள சின்னப் புஸ்தகமாட்டம் மூணு இருக்குது. எடுத்துட்டு வரட்டுங்களா?”

எங்கே எடுத்துக்கொண்டு வருவது? இடையில் இருப்பது அஞ்சு மணி நேரப் பாதை! ஐயோ, ஆண்டவரே, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“மிஸ்,” என்றாள் ஆஃப்ரின் மெதுவாக. “எங்கிட்ட இருக்குது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

மிஸ் கோலாலம்பூரில் போட்டி நடத்துபவர்களுக்குப் பேசினாள். சாரா என்ற தமிழ்ப் பெண்தான் எடுத்தாள். எந்திரத்தோடு ஒருவர் வந்தாலும் போதும், தானே விமான நிலையம் வந்து அழைத்துப்போய்த் தன்னோடு தங்க வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம், அடுத்த வருஷம் பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிடும்.

அடுத்தது இஸ்மாயில். நடந்ததை மிஸ் ஒன்றுவிடாமல் சொல்லி, ஆஃப்ரினைத் தனியாக அனுப்பலாமா என்று கேட்டாள்.

“புள்ளகிட்டக் குடுங்க,” என்றார் அவர்.

ஆஃப்ரின் போனை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். “சரிங்கத்தா… ம்… சரிங்கத்தா.” அப்பாவிடம் அவள் சொன்னதில் அவ்வளவுதான் மிஸ்ஸின் காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

“போகச் சொல்லிட்டாங்க மிஸ்.”

மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டாள். அதைச் செய், இதைச் செய்யாதே, இறங்கியதும் சாராவுக்குப் போன் போடு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கிங்ஸ்டன் எந்திரப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்தான். காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஆஃப்ரினை உள்ளே விட்டார். மணி ஒன்றரை.

கண்ணாடிக்கு அப்பால் அவள் வரிசையில் போய் நிற்பதை மிஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இஸ்மாயில்.

“டீச்சரம்மா, புள்ள அழுவுதுங்களா? தனியாப் போக வேண்டாம்னு நான் கறாராச் சொல்லிட்டனுங்க. சரிங்கத்தான்னு கேட்டுக்கிட்டா, பாவம். எனக்கே மனசு கேக்கல. நீங்க கொஞ்சம் சமாதானம் சொல்லிக் கூட்டிட்டு வாங்க.”

அடிப்பாவி! அப்பனிடம் ஒன்று, என்னிடம் ஒன்றா?

உள்ளே வரிசை நகர்ந்தது. ஆஃப்ரின் திரும்பிப் பார்த்தாள். மிஸ்ஸின் காதில் போன் இருப்பதைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது. ஓடவில்லை, ஒளியவில்லை. பெட்டியின்மேல் கைவைத்தபடி, கூப்பிட்டால் வந்துவிடுகிறவள்போல அப்படியே நின்றாள். காவலர் பக்கத்திலேயே இருந்தார். மிஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கன்னத்தில் ரெண்டு வைக்க வேண்டும் என்று மிஸ்ஸுக்கு ஆத்திரம் வந்தது. யார் கன்னத்தில்? நூல் போட்டு மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொண்டு வந்தது யார்? இப்போது கூப்பிட்டால் பிள்ளை பொய்க்காரி என்று அப்பாவிடம் பேர் வாங்குவாள். அதற்கப்புறம் இஸ்மாயில் அவளைச் சேலத்துக் கல்லூரிக்காவது அனுப்புவாரா?

“டீச்சரம்மா? கேக்குதுங்களா?”

மிஸ் இன்னொரு கையைத் தூக்கி, போ என்று சைகை காட்டினாள். ஆஃப்ரினுக்கு முதலில் புரியவில்லை. மிஸ் மறுபடி காட்டினாள்.

“ஏனுங்க, புள்ள உள்ள போயிட்டாளுங்க,” என்றாள் போனில். “நீங்க வேண்டாம்னு சொன்னத எங்கிட்டச் சொன்னா. நாந்தான் கேக்கல. அதட்டி அனுப்பி வெச்சது நாந்தானுங்க.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ ஸ்வெட்டர் விலை கேட்டார்கள். இன்னொரு தடவை கேட்டார்கள்.

“நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நெனைக்கலீங்க,” என்றார் இஸ்மாயில். குரலில் கோபமே இல்லை. “இனி என்ற ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க.”

போனை வைத்துவிட்டார். கிங்ஸ்டனும் ஜெஸ்லினும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

“மிஸ், அவ அப்படிச் சொல்லவே இல்லயே?” என்றான் கிங்ஸ்டன்.

“வாய மூடு,” என்றாள் மிஸ். உள்ளே ஆஃப்ரினின் முறை வந்திருந்தது. பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.